சிவப்பு விழுந்தால் தரிசனம்: ஸ்மோக்கி மலை விளக்குச் சுற்றுலா குறித்து ஓர் ஆய்வு

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில், கிரேட் ஸ்மோக்கி மலைத் தேசியப் பூங்காவின் வாசலிலேயே இருக்கும் ஊர் கேட்லின்பர்க். அதற்குச் சில மைல் முன்னால், அதே 441ஆம் எண் நெடுஞ்சாலையில், பிஜன் ஃபோர்ஜ். அக்டோபரில் இலைகள் நிறம் மாறுவதைப் பார்க்க வந்த கூட்டம் வடிந்ததும் இரண்டு ஊர்களுக்கும் ஒரே கவலை: குளிர்காலம் முழுக்க விடுதிகளை எப்படி நிரப்புவது? அதற்கு அவர்கள் கண்ட வழி மின்விளக்கு. நவம்பரிலேயே கம்பத்துக்குக் கம்பம் பனித்துகள் வடிவங்கள், கரடி உருவங்கள், அடிமரத்திலிருந்து நுனிக்கிளை வரை சுற்றிய சரங்கள் என்று லட்சக்கணக்கில் ஏற்றிவிடுகிறார்கள். வின்டர்ஃபெஸ்ட் என்று பெயர். குடும்பத்தோடு காரில் ஏறி ஊரின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஊர்ந்து போய், திரும்பவும் ஊர்ந்து வருவதுதான் விளக்குச் சுற்றுலா. அட்லாண்டா, சார்லட் பக்கம் வேலை பார்க்கும் நம்மவர்களும் விடுமுறை நாட்களில் புளியோதரை டப்பாவோடு இந்த வரிசையில் நிற்பதுண்டு. இத்தனை பேரும் அங்கே பார்ப்பது எந்த விளக்கை என்பதே இந்த ஆய்வின் பொருள். அலங்கார விளக்கைத்தான் என்று பதில் சொல்வது எளிது. எளிதாக இருப்பதாலேயே ஆய்வாளன் அதைச் சந்தேகிக்கக் கடமைப்பட்டவன்.

எமது துணிபு இது: இந்தச் சுற்றுலாவின் மூலவர் சாலைச் சிக்னல். ஏனைய லட்சக்கணக்கான விளக்குகள் அதைச் சுற்றி நிற்கும் பரிவாரம். இதற்கு முதற்சான்று ஊரார் வழக்கிலிருந்தே கிடைக்கிறது. அலங்கார விளக்குகள் எத்தனை என்று கேட்டால் அங்கே யாரும் மொத்தமாக ஒரு பெருந்தொகையைத்தான் சொல்வார்கள். அவற்றில் ஒன்றுக்கும் தனி அடையாளம் கிடையாது. சிக்னல்களுக்கோ வரிசை எண் உண்டு. இரண்டு ஊர்களிலும் பிரதான சாலையின் சிக்னல்களுக்கு எண்ணிட்டு, அந்த எண்ணைக் கொண்டே வழி சொல்கிறார்கள். பிஜன் ஃபோர்ஜில் 3ஆம் எண் சிக்னலில் திரும்பினால் வேர்ஸ் வேலி சாலை, 7இல் திரும்பினால் பழைய மாவு ஆலை, 8இல் திரும்பினால் டாலிவுட் கேளிக்கைப் பூங்கா. கேட்லின்பர்க்கில் 5ஆம் எண்ணருகே மீன் காட்சியகம். ரோரிங் ஃபோர்க் காட்டுச் சாலைக்கு வழி கேட்டால், மத்திய அரசின் தேசியப் பூங்காத் துறையே 8ஆம் எண் சிக்னலில் திரும்பு என்கிறது. கண்ணெதிரே மலை நிற்கிறது, ஆறு ஓடுகிறது. அவற்றை விட்டுவிட்டு ஓர் அரசுத் துறை சிக்னலை அடையாளம் காட்டுகிறது என்றால், அந்த ஊரில் எது நிலையானது, எது ஒப்பனை என்பது விளங்கும். 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி கேட்லின்பர்க்கில் குடியிருப்போர் 4,000 பேருக்கும் குறைவு. அவர்களுக்கு எண்ணிட்ட சிக்னல்கள் பத்து. நானூறு பேருக்குள் ஒரு சிக்னல் என்பது போக்குவரத்துத் தேவையால் மட்டும் வந்த வளம் என்று எமக்குத் தோன்றவில்லை.

இரண்டாவது சான்று கணிதத்தினது. மணிக்கு 35 மைல் வேகத்தில் போகும் கார் ஒரு விநாடியில் ஏறக்குறைய 51 அடி கடந்துவிடும். சாலையோரம் ஒரு கரடி விளக்கு நிற்கிறது என்க. பின்சீட்டில் இடப்பக்கம் இருக்கும் பிள்ளை அதைக் கண்டு, “பாட்டி, அங்க பாரு” என்று சொல்லி, பாட்டி மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்து, “எங்கடா?” என்று கேட்டு, கழுத்தைத் திருப்புவதற்குள் கரடி இருநூறடி பின்னே போயிருக்கும். ஆகவே ஓடும் காரில் விளக்குச் சுற்றுலா என்பது பாட்டியைப் பொறுத்தவரை நிகழ்வதே இல்லை. சிவப்பு விழும்போது நிலைமை மாறுகிறது. பெரிய சாலைகளில் சிக்னல் ஒரு முழுச் சுற்று வர ஒன்றரை இரண்டு நிமிடம் ஆவது சாதாரணம். அதில் கணிசமான பங்கு சிவப்புக்குப் போகும். அந்த நேரத்தில்தான் கண்ணாடியில் படிந்த மூச்சுப்பனியைப் பிள்ளை சட்டைக் கையால் துடைக்கிறது; பாட்டி கரடியைக் கண்டுபிடிக்கிறார்; கரடி கையில் பிடித்திருப்பது மீனா கிடாரா என்று ஒரு சிறு தர்க்கம் எழுகிறது; தர்க்கம் முடியுமுன் பச்சை விழுகிறது. சிக்னல் எந்தக் கரடியின் முன்னால் நிறுத்துகிறதோ அந்தக் கரடிதான் அந்தக் குடும்பத்துக்கு வாய்த்த கரடி. மற்றவை ஏற்றப்பட்டும் காணப்படாதவை.

வரலாறும் எம் பக்கமே சாய்கிறது. விளக்குச் சரத்தின் முதல் முன்னோடி 1882 டிசம்பரில் நியூயார்க்கில் எட்வர்ட் ஜான்சன் என்பவர் தம் வீட்டு மரத்தில் ஏற்றிய எண்பது பல்புகள் என்பர். அவர் எடிசனின் கூட்டாளி, மின்சாரத்துக்குப் பஞ்சமில்லை. அந்த மரம் சுழன்றுகொண்டே இருந்தது, விளக்குகள் அணைந்து அணைந்து எரிந்தன. சாலைச் சிக்னலோ 1868 டிசம்பரிலேயே லண்டனில், நாடாளுமன்றத்துக்கு அருகே, எரிவாயு விளக்கோடு நிறுவப்பட்டுவிட்டது. பதினான்கு ஆண்டு மூப்பு. இரண்டும் டிசம்பர் மாதத்தில் பிறந்தவை என்பதையும் கவனிக்க. சிக்னல் தொடக்கத்திலேயே சிவப்பும் பச்சையும் காட்டியது. ஜான்சனின் பல்புகள் சிவப்பு, வெள்ளை, நீலம்; பச்சை இல்லை. இன்று கிறிஸ்துமஸின் நிறங்கள் எனப்படும் இணையை முதலில் விளக்காக ஏற்றி வைத்தவர் யார் என்பதை வாசகர் ஊகத்துக்கு விடுகிறோம். அந்த லண்டன் சிக்னல் மறுமாதமே வாயுக் கசிவால் வெடித்து, பக்கத்தில் நின்று இயக்கிய காவலரைக் காயப்படுத்தியது என்பது எமது கொள்கைக்குச் சற்றுச் சங்கடமான செய்தி. ஆயினும் மறைக்கவில்லை.

இவ்விடத்தில் மறுப்பாளர் எழுவார். சிவப்பும் பச்சையும் கிறிஸ்துமஸ் அலங்காரத்துக்கு உதவும் ஹோலிச் செடியின் பழத்துக்கும் இலைக்கும் உரிய நிறங்கள். அவை சிக்னலுக்கு நெடுங்காலம் முந்தியவை அல்லவோ எனின், அற்றன்று. ஹோலிச் செடி இரண்டு நிறங்களையும் ஒரே நேரத்தில் காட்டும். சிக்னல் அப்படிக் காட்டினால் அங்கே நடப்பது திருவிழா அல்ல, விபத்து. ஒன்று அணைந்தபின் மற்றொன்று எரிவதே விளக்கலங்காரத்தின் உயிர். அதைச் செடி அறியாது. மின்சாரச் சிக்னல் 1914இல்தான் கிளீவ்லண்டில் வந்தது, மின்விளக்குச் சரத்துக்கு முப்பத்திரண்டு ஆண்டு பிந்தியது என்று இன்னொரு மறுப்பு வரும். இது கொஞ்சம் வலுவானது. ஆனால் பின்னாளில் முறை திரும்பிவிட்டதைப் பாருங்கள். 2006 முதல் தயாராகும் சிக்னல் விளக்குகள் மின்சிக்கன விதிக்கு உட்பட வேண்டும் என்று அமெரிக்கச் சட்டம் கட்டளையிட்டது. நடைமுறையில் அது எல்.இ.டி.க்கு மாறு என்ற கட்டளை. வெள்ளை மாளிகை அருகே ஏற்றப்படும் தேசிய கிறிஸ்துமஸ் மரம் எல்.இ.டி.க்கு மாறியது அதற்கு மறு ஆண்டு, 2007இல். மூலவருக்குச் சாத்திய பிறகே பரிவாரத்துக்கு. இந்த மாற்றத்தில் சிக்னலுக்கு ஒரு நஷ்டமும் உண்டு: பழைய பல்பின் சூடு தன்மேல் படிந்த பனியைத் தானே உருக்கிவிடும், எல்.இ.டி.க்கு அந்தச் சூடு போதாது. பனி கொட்டும் ஊர்களில் சிக்னலே முகம் மூடி நிற்க நேர்கிறது. அலங்கார விளக்கின் மேல் பனி படிந்தால் அதை அழகு என்கிறார்கள்.

சிக்னலே இல்லாத விளக்குச் சுற்றுலாக்கள் உண்டே என்பது அடுத்த கேள்வி. திறந்த மைதானத்தில் வளைந்து வளைந்து பாதை போட்டு, கட்டணம் வாங்கிக்கொண்டு காரை உள்ளே விடுகிறார்கள். காரின் வானொலியில் அவர்கள் சொல்லும் அலைவரிசையைப் பிடித்தால் பாட்டின் தாளத்துக்கு விளக்குகள் ஆடும். முகப்பு விளக்கை அணைத்துவிட வேண்டும். அங்கே மூலவர் எங்கே? முன்னே போகும் காரின் பின்புறத்தில். முகப்பு விளக்குகள் அணைந்த இருட்டில் முன்கார்க்காரரின் பிரேக் விளக்குதான் எல்லாரையும் நிறுத்துகிறது, நகர்த்துகிறது. அது சிக்னலின் உற்சவமூர்த்தி. அமெரிக்கக் கார்களில் பின்கண்ணாடி உயரத்தில் மூன்றாவது பிரேக் விளக்கு 1986 மாடல்களிலிருந்து கட்டாயமாயிற்று. அதே 1986இல்தான் பிஜன் ஃபோர்ஜின் கேளிக்கைப் பூங்கா பாடகி டாலி பார்ட்டனின் பெயரால் டாலிவுட் ஆனது. தற்செயல் என்று தள்ள எமக்கு மனம் வரவில்லை. சான்று என்று கொள்ளவும் துணிவு இல்லை. அந்தப் பூங்காவுக்குள் குளிர்காலத்தில் அறுபது லட்சத்துக்கும் மேற்பட்ட விளக்குகள் உண்டே, அங்கே நடந்துதானே பார்க்கிறார்கள் என்பவருக்கு விடை சுருக்கமானது. இரவு பூங்கா மூடியதும் அத்தனை காரும் எங்கே போய் நிற்கும்? 8ஆம் எண்ணில்.

விளக்கே கட்டாத இயற்கைச் சுற்றுலா ஒன்றும் இதே மலையில் நடக்கிறது. எமது கொள்கை அதிலும் தேறுகிறது. எல்க்மான்ட் என்ற இடத்தில் மே கடைசி, ஜூன் தொடக்கம் வாக்கில் ஒருவகை மின்மினிகள் ஒரே லயத்தில் மின்னும். ஆண் பூச்சிகள் சில முறை சேர்ந்து மின்னி, சேர்ந்தே அணைந்து, சில விநாடி இருட்டுக்குப் பின் மறுபடி தொடங்கும். கீழே புல்லில் இருக்கும் பெண் பூச்சி அந்த இருட்டில் தன் பதிலை மின்னும். இதைவிடத் தெளிவான சிக்னல் முறையை எந்த நகராட்சியும் இதுவரை அமைத்ததில்லை. இதைப் பார்க்கக் கார்களுக்குக் குலுக்கல் முறையில் அனுமதி தருகிறார்கள். கைவிளக்கு கொண்டுவருவோர் அதன்மேல் சிவப்பு அல்லது நீல நிறக் கண்ணாடித்தாள் சுற்ற வேண்டும். சிவப்பு ஏற்றி, அசையாமல் நின்று, இருட்டைப் பார்ப்பது: டிசம்பரில் காருக்குள் நடப்பது ஜூனில் காட்டுக்குள் நடக்கிறது.

இரண்டு ஊர்களுக்கும் நடுவே உள்ள சாலைத் துண்டு தேசியப் பூங்காவின் கையில் இருக்கிறது. கடையில்லை, விளம்பரப் பலகையில்லை, சரவிளக்கும் இல்லை. ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் ஆறு, மற்றபடி இருட்டு. அங்கே பின்சீட்டு முழுதும் தூங்கிவிடும். கேட்லின்பர்க்கின் முதல் சிவப்பில் கார் நிற்கும்போது எல்லாரும் ஒருசேர விழிப்பார்கள். அலங்காரம், சிக்னல் இரண்டையும் ஒருங்கே நீக்கிவிட்ட சோதனை ஒன்றையும் நிறுவாது என்று முறையியல் படித்தவர்கள் சொல்வார்கள். சொல்வது சரி. ஆகவே இதை வாதத்தில் சேர்க்காமல் வழித்தகவலாக மட்டும் தருகிறோம்.

எல்லா மறுப்பிலும் கடினமானது கடைசியில் வருவது. குடும்பத்தில் ஐந்து பேர் அலங்காரத்தைப் பார்க்கிறார்கள். ஒருவர்தானே சிக்னலைப் பார்க்கிறார். பெரும்பான்மை எங்கே என்று கேட்கலாம். ஒப்புக்கொள்கிறோம். ஆனால் அந்த ஐவர் எதையெல்லாம் எவ்வளவு நேரம் பார்ப்பது என்பதை முடிவுசெய்வது அந்த ஒருவர் பார்க்கும் விளக்கே. கைகள் ஸ்டியரிங்கில், கண் மேலே எண்பலகை தொங்கும் சிக்னலில், காது பின்சீட்டுச் சண்டையில். “பார்த்தீங்களா?” என்று மனைவி கேட்டால் “பார்த்தேன், பார்த்தேன்” என்பார். பார்த்திருக்க மாட்டார். கேட்லின்பர்க்கில் விளக்குச் சுற்றுலாவுக்கென்றே ஊர் நிர்வாகம் ட்ராலி விடுகிறது. ட்ராலி என்றாலும் தண்டவாளம் கிடையாது, பழைய ட்ராம் வண்டியின் முகம் வைத்த பேருந்துதான். அதில் ஏறினால் குடும்பத் தலைவருக்கும் கண் விடுதலையாகும் என்று கருதுவது இயல்பு. அவரைக் கவனித்தால் தெரியும்: சிவப்பு நெருங்கும்போதெல்லாம் அவருடைய வலது கால் தரையை அழுத்துகிறது.

ஆய்வின் பயனாக ஒரே ஒரு வேண்டுகோள். இந்தக் குளிர்காலத்தில் அந்தப் பக்கம் போகிறவர்கள் கவனிக்க: டிசம்பரில் அங்கே மாலை ஐந்தரைக்கெல்லாம் இருட்டத் தொடங்கிவிடும், இரவு வெகுநேரம் காத்திருக்கத் தேவையில்லை. சிவப்பு விழுந்து கார் நின்றதும் முன்சீட்டில் இருப்பவர் சிக்னலைத் தம் பொறுப்பில் வாங்கிக்கொண்டு, “பச்சை விழுந்தா நான் சொல்றேன், நீங்க கொஞ்சம் அந்தப் பக்கம் பாருங்க” என்று ஓட்டுகிறவரிடம் சொல்ல வேண்டும்.