43ஆம் பக்கம்

பெண்ணுக்கு நிச்சயதார்த்தம் நடந்த அன்று, தாம்பூலத் தட்டு மாற்றிய ஈரம் காய்வதற்குள் சம்பந்தி என் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். "அப்புறம், இப்ப என்ன வாசிச்சுக்கிட்டு இருக்கிய?" என்றார். தென்காசிக்காரர். தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். நகை எத்தனை பவுன், மண்டபத்துக்கு எவ்வளவு, சாப்பாட்டுக்கு யார் என்று எதைக் கேட்டிருந்தாலும் சட்டைப்பையில் துண்டுச்சீட்டு இருந்தது. இதற்கு இல்லை.

உண்மையில் நான் வாசித்துக்கொண்டிருந்தது தேவனின் 'துப்பறியும் சாம்பு'. பத்தாவது தடவையோ பதினோராவதோ. சாம்பு வங்கிக் குமாஸ்தா, நானும் அப்படியே இருந்து ரிட்டையர் ஆனவன் என்பதால் ஒரு பாசம். ஆனால் புதுச் சம்பந்தியிடம் முதல் நாளே சாம்பு என்று சொல்ல வாய் வரவில்லை. "டால்ஸ்டாய். 'போரும் வாழ்வும்'" என்றேன்.

முழுப் பொய் என்று சொல்லிவிட முடியாது. அதற்கு முந்தின வாரம்தான் நந்தனம் புத்தகக் காட்சிக்குப் போயிருந்தேன். அங்கே பத்து சதவீதம் தள்ளுபடி. தள்ளுபடி என்றால் எனக்கு மீதித் தொண்ணூறு சதவீதம் கண்ணுக்குத் தெரியாது. புத்தகத்திலும் அப்படித்தான், ஜவுளியிலும் அப்படித்தான். மூன்று தொகுதிகளையும் கையில் தூக்கிப் பார்த்தபோதே பாதி படித்துவிட்ட களைப்பு வந்தது. அந்தக் களைப்பில் ஒரு மிளகாய் பஜ்ஜி சாப்பிட்டேன். பஜ்ஜி சுற்றிவந்த காகிதத்தை மட்டும் அன்று முழுவதுமாகப் படித்தேன்.

சம்பந்தியின் முகம் மலர்ந்துவிட்டது. "எங்க ஊர்க்காரர் மொழிபெயர்ப்புல்லா அது!" என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அதைத் தமிழில் தந்தவர் டி.எஸ். சொக்கலிங்கம், 1934இல் தினமணி தொடங்கியபோது அதன் முதல் ஆசிரியர். அவர் பெயரின் முன்னால் நிற்கும் 'டி' யாருடைய ஊர் என்று புத்தகம் வாங்கும்போது நான் யோசித்திருக்க வேண்டும். தென்காசி. உலகத்தில் இத்தனை புத்தகம் இருக்க, சம்பந்தி வீட்டுத் தெருவழியாக வந்த புத்தகத்திலா கை வைப்பேன்!

அன்று இரவே வாசிக்க உட்கார்ந்தேன், சத்தியமாக. கதை 1805இல், பீட்டர்ஸ்பர்க் நகரத்து விருந்து ஒன்றில் ஆரம்பிக்கிறது. ஆட்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். கல்யாண மண்டப வாசலில் சந்தனக் கிண்ணத்தோடு நிற்கிறவனின் நிலைமைதான் வாசகனுக்கு: யார் பெண் வீடு, யார் பிள்ளை வீடு என்று தெரியாது, எல்லோரையும் பார்த்துச் சிரிக்க வேண்டும். பெயரோ கேட்கவே வேண்டாம். நமக்குத் தகப்பனார் பெயர் ஓர் எழுத்தோடு போயிற்று. ரஷ்யாவில் ஒருவரை மரியாதையாகக் கூப்பிட அப்பாவையும் சேர்த்துக் கூப்பிட வேண்டும். அதற்குமேல் வீட்டில் ஒரு செல்லப் பெயர். ஒரே ஆளை மூன்று ஆளாக எண்ணிக்கொண்டு, மூன்று பேருக்கும் தனித்தனியாகக் கவலைப்பட்டு, 43ஆம் பக்கத்தில் கண் சொருகியது. அடையாளத்துக்கு ஏதாவது வைக்க வேண்டுமே என்று கைக்கு அகப்பட்ட அட்டையைச் செருகிவிட்டுப் படுத்தேன்.

வைகாசியில் கல்யாணம். பந்தியில் பாயசம் விடும் நேரத்தில் சம்பந்தி, "பியர் எப்படி?" என்றார். 43 பக்கத்துக்குள் அவன் வந்திருந்தான். "நல்ல பையன், கொஞ்சம் குடி" என்றேன். பக்கத்து இலைக்காரர் மாப்பிள்ளையைத்தான் சொல்கிறேன் என்று நினைத்துச் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். ஆடிச் சீருக்குப் போனபோது, "ஆந்திரேய்க்கு அப்படி ஆயிருக்க வேண்டாம்" என்றார். எப்படி ஆயிற்று என்று யார் கண்டது? "விதி" என்றேன். "நத்தாஷா?" "பாவம், பெண் பிள்ளை." அவர் பெருமூச்சு விட்டார். நானும் விட்டேன். எந்த நாவலுக்கும் இந்த இரண்டு பதிலும் ஒரு பெருமூச்சும் தாங்கும் என்பது என் அனுபவம். நூலகத் துறைக்கு ஐந்து விதிகள் வகுத்துக் கொடுத்தவர் சீர்காழியில் பிறந்த ரங்கநாதன். அவற்றுள் ஒன்று வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்தச் சொல்கிறது. அதை நான் கடைப்பிடித்த அளவுக்கு வேறு யாரும் கடைப்பிடித்திருக்க மாட்டார்கள்.

இடைப்பட்ட நாளில் அந்தப் புத்தகம் அலமாரியில் சும்மா இருக்கிறது என்றுதான் நினைத்திருந்தேன். மிஞ்சிப்போனால் இராமபாணப் பூச்சி வாசித்திருக்கும்.

கார்த்திகையில் சம்பந்தி எங்கள் வீட்டுக்கு வந்தார். காப்பியை ஆற்றிக்கொண்டே, "எந்தப் பாகம் ஓடுது?" என்று ஆரம்பிக்கும் சமயம், வாசலில் மீட்டர் ரீடிங் எடுக்கிறவர் குரல் கொடுத்தார். என்னைக் காப்பாற்ற வந்த தெய்வம் என்று எழுந்து ஓடினேன்.

"சார், இந்தத் தடவையாவது ஈபி கார்டைக் கொடுங்க. மார்ச்சுல இருந்து சுவத்துலயே எழுதிட்டுப் போறேன்" என்றார். மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் பென்சிலால் நாலு ரீடிங் வரிசையாக இருந்தது. இரண்டு மாதத்துக்கு ஒன்று. நான் மேசை இழுப்பறை, சாமி அலமாரி, பழைய நாட்காட்டிக்குப் பின்புறம் என்று தேட ஆரம்பித்தேன்.

என் மனைவி சமையலறையிலிருந்து வந்தாள். ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, நேரே அலமாரிக்குப் போய், முதல் தொகுதியை எடுத்து, 43ஆம் பக்கத்தைத் திறந்து கார்டை உருவிக் கொடுத்தாள். அதில் கடைசியாகப் பதிந்திருந்தது ஜனவரி ரீடிங்.

சம்பந்தி கார்டைப் பார்த்தார். புத்தகத்தைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை; பண்பானவர்.

"கார்டு அங்க இருக்கிறது உனக்கு எப்படித் தெரியும்?" என்று உள்ளே போய் ரகசியமாகக் கேட்டேன்.

"பங்குனியிலயே பார்த்தேங்க, படிக்கிறப்ப. நீங்க விட்ட இடம் மாறிடக் கூடாதேன்னு திருப்பி அங்கேயே வச்சேன். கார்டைத் தேடுறாங்கன்னு யாரு சொன்னா?"

மதியச் சீரியல் முடிந்த பிறகு தினம் ஒரு மணி நேரம். ஆவணிக்குள் மூன்று தொகுதியும் முடித்துவிட்டாளாம். என்னிடம் ஏன் சொல்லவில்லை என்றதற்கு, "நீங்க கேக்கலையே" என்றாள். இதைக் கேட்டுக்கொண்டிருந்த சம்பந்திக்குப் பரம சந்தோஷம். டால்ஸ்டாய் எழுதியதை அவர் மனைவி சோஃபியா திரும்பத் திரும்பக் கைப்பட நகல் எடுத்த கதையை விஸ்தாரமாகச் சொன்னார். இவள் யோசித்துவிட்டு, "அப்ப எழுதினவர் வீட்லயும் பொண்டாட்டிதான் முழுசாப் படிச்சிருக்கா" என்றாள். சம்பந்தி சிரித்த சிரிப்பில் காப்பி தளும்பியது. பிறகு இருவரும் ஆந்திரேய்க்கு என்ன ஆயிற்று என்பதை ஒரு மணி நேரம் பேசினார்கள். நான் தோசைக்கு மாவு வாங்கப் போனேன்.

இப்போதெல்லாம் சம்பந்தி போன் செய்தால், "தங்கச்சி இருக்காவளா?" என்றுதான் கேட்கிறார். கரமசோவ் சகோதரர்கள் ஓடிக்கொண்டிருக்கிறது. என்னிடமும் ஒரு வார்த்தை பேசாமல் வைப்பதில்லை.

"கரண்ட் பில் கட்டியாச்சா, சம்பந்தி?"