இண்டெக்ஸ்ல பாருங்க

அவரிடம் போய் எந்த ஃபைலையும் கேட்கக் கூடாது. கேட்டால், "இண்டெக்ஸ்ல பாருங்க" என்பார். பார்த்துவிட்டுத்தான் வருகிறேன், இல்லை என்றால், "எந்த இண்டெக்ஸ்ல பாத்தீங்க?" என்பார்.

எங்கெல்லாம் எக்ஸெல் ஷீட்டுகள் பெருகுகின்றனவோ அங்கெல்லாம் இவர் அவதரித்துவிடுகிறார். பனியன் கம்பெனியில் இருப்பார், காலேஜ் அலுவலகத்தில் இருப்பார். நான் கண்டு நொந்தது ஆடிட்டர் ஆபீஸ் அவதாரத்தை. ஆபீஸிலேயே சீனியர். ஆடிட்டிங் பயிற்சிக்கு வரும் ஆர்ட்டிகிள் பசங்களுக்கு 'அண்ணே'. காப்பிக்குச் சர்க்கரை சேர்க்க மாட்டார். சேர்க்காததைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே பேசுவார். மற்றபடி ஒரு குறையும் சொல்ல முடியாது.

அவருடைய இண்டெக்ஸ், ஆபீஸில் இருக்கிற எக்ஸெல் ஃபைல்களின் பட்டியல். அப்படியொரு பட்டியலே வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஜிஎஸ்டி கணக்கு வழக்குகளை, ஆண்டு ரிட்டர்னின் கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்கச் சொல்கிறது சட்டம். கம்பெனி என்றால் எட்டு வருஷம். 2017-18ஆம் ஆண்டுக்கான ஜிஎஸ்டி ஆணைகளை வரித்துறை 2023 டிசம்பர் 31க்குள் போட்டாக வேண்டும் என்று கெடு வந்தபோது, பார்ட்டிகளுக்கெல்லாம் நோட்டீஸ் வந்து குவிந்தது. எப்போதோ வேலையை விட்டுப்போன ஒரு பையன், என்ன நினைத்தோ ஏதோ ஒரு பெயரில் சேமித்துவைத்த ஷீட்டை நடுராத்திரியில் தேடிய ஆபீஸ்கள் உண்டு. அந்த வருஷத்தோடு அண்ணனின் கை ஓங்கிவிட்டது. "நான் அப்பவே சொன்னேன்ல?" என்றார். அவர் அப்போது எதுவும் சொன்னதாக யாருக்கும் ஞாபகமில்லை.

பட்டியலை அவர் கையால்தான் அடிப்பார். கமாண்ட் பிராம்ப்டில் 'டிர்' என்று ஒரே ஒரு வரி கொடுத்தால் டிரைவில் இருக்கிற அத்தனை எக்ஸெல் ஃபைலும் வரிசையாகக் கொட்டிவிடும் என்று ஒரு பையன் சொல்லிப் பார்த்தான். அண்ணன் பரிதாபமாகச் சிரித்தார். "மெஷினுக்குப் பேரு தெரியும் தம்பி. உள்ள என்ன இருக்குன்னு தெரியுமா?"

உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்வதற்காகத் தினமும் சாயங்காலம் நாலு மணிக்கு இடத்தைவிட்டு எழுந்து வருவார். கையில் ஒரு குறிப்பேடு, காதில் பென்சில். மேஜை மேஜையாக நின்று, "இன்னைக்கு ஏதும் புது ஷீட்டு போட்டீங்களா?" ஜனத்தொகைக் கணக்கு எடுக்க வந்தவரைப் போலக் குரலில் ஒரு அரசாங்க நிதானம் இருக்கும். போட்டேன் என்று சொன்னீர்களோ, தொலைந்தது. எந்தப் பார்ட்டி, எந்த வருஷம், எத்தனை ஷீட்டு, ஃபார்முலா இருக்கா, இல்ல நம்பரை அப்படியே அடிச்சதா, பாஸ்வேர்டு உண்டா, பாதி வேலையா முழு வேலையா, யார் சொல்லிப் போட்டது? ஷீட்டு போட ஆன நேரத்தைவிடப் பதில் சொல்ல அதிக நேரம் ஆகும். அதனால் ஆபீஸ் முழுக்க நாலு மணிக்குப் பொய் சொல்லப் பழகிவிட்டது. "இல்லண்ணே, பழைய ஷீட்டுதான்." அவர் நம்பிவிடுவார். இரண்டு மேஜை தள்ளிப்போய், திரும்பி வந்து, "பேரு மட்டும் சொல்லிருங்க" என்பார்.

பட்டியல் ஒருவழியாக நிலைகொண்டது என்று நினைக்கும்போது வகைப்பாட்டை மாற்றுவார். முதலில் பார்ட்டிவாரியாக இருந்தது. பிறகு வருஷவாரி. பிறகு வருமானவரி, ஜிஎஸ்டி, டிடிஎஸ் என்று வரிவாரி. ஒவ்வொரு தடவையும் ஃபோல்டர்களை நகர்த்துவார். நகர்த்தியதும் இண்டெக்ஸில் அவரே இரவு பகலாகக் கொடுத்துவைத்த நீல நிற லிங்குகள் எல்லாம் செத்துவிடும். அழுத்தினால் ஃபைலைத் திறக்க முடியவில்லை என்று வரும். லிங்குகளைச் சரிசெய்ய உட்கார்வார். உட்கார்ந்த இடத்தில் இன்னொரு வகைப்பாடு உதித்துவிடும். சீர்காழியில் பிறந்து சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்த எஸ்.ஆர். ரங்கநாதன், 1931இல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் எழுதினார். நாலாவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்த வேண்டும் என்பது. ஐந்தாவது, நூலகம் வளர்கிற உயிர் என்பது. அண்ணன் நேராக ஐந்தாவதிலிருந்துதான் படிக்கத் தொடங்கியிருக்க வேண்டும். எக்ஸெல் ஷீட்டில் 10,48,576 வரிகள் உண்டு. "இன்னும் எவ்வளவோ எடம் இருக்கு" என்று அதை ஒருநாள் மனநிறைவோடு சொன்னார்.

ஃபோல்டருக்குள் ஃபோல்டர் என்று அவர் அடுக்கிக்கொண்டே போனதில் இன்னொரு விபரீதம். ஃபைல் பெயரும் அது இருக்கிற பாதையும் சேர்ந்து 218 எழுத்தைத் தாண்டினால் எக்ஸெல் அந்த ஃபைலைத் திறக்காது. பார்ட்டியின் முழுப்பெயர், அவருடைய அப்பா பெயர், ஊர், தொழில், வருஷம், வரி, மாதம், அதற்குள் 'சரிபார்த்தது', அதற்குள் 'மறுபடி சரிபார்த்தது' என்று வைத்தால் 218 எம்மாத்திரம்? ஃபைல் பத்திரமாக இருக்கிறது. இண்டெக்ஸிலும் இருக்கிறது. திறக்கத்தான் முடியாது.

தேதியை ஃபைல் பெயரில் வருஷம், மாதம், நாள் என்ற வரிசையில் போட்டால் கம்ப்யூட்டர் தானாகவே காலவரிசையில் அடுக்கிவிடும். நாளை முதலில் போட்டால் எல்லா மாதத்தின் ஒன்றாம் தேதிகளும் ஒன்றாகக் கூடி நிற்கும். இதையும் 'டிர்' சொன்ன அதே பையன்தான் சொன்னான். "நம்ம ஊர்ல யாருப்பா வருஷத்த முதல்ல சொல்லுவா?" என்றார் அண்ணன். "கல்யாணப் பத்திரிகையில வருஷம், மாசம், தேதின்னுதானண்ணே போடுறோம்?" என்றான் பையன். அண்ணன் அன்று அவனோடு பேசவில்லை.

இதையெல்லாம் சிரித்துக்கொண்டே சொல்லலாம். மாதம் இருபதாம் தேதி மட்டும் சிரிப்பு வராது. ஜிஎஸ்டியில், சப்ளையர்கள் போட்ட பில்களின் பட்டியலான 2பி, பதினாலாம் தேதி வரும். அதைப் பார்ட்டியின் கணக்கோடு ஒத்துப்பார்த்து இருபதுக்குள் மாத ரிட்டர்னான 3பியைத் தாக்கல் செய்ய வேண்டும். தவறினால் நாளுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம், கட்டாத வரிக்கு வருஷத்துக்கு 18 சதவீத வட்டி. பார்ட்டி போனில் கத்திக்கொண்டிருக்கிறார். போன மாத ஷீட்டு எங்கே என்று பார்க்க வேண்டும். நேற்றுவரை இருந்த ஃபோல்டரில் அது இல்லை. இண்டெக்ஸைத் திறந்தால் லிங்கு செத்துக் கிடக்கிறது. புது இடத்தை நாமே தேடி எழுதிவைக்கலாம் என்றால் ரீட் ஒன்லி, வேறொருவர் திறந்துவைத்திருக்கிறார் என்கிறது. அந்த வேறொருவர் எப்போதும் ஒரே ஒருவர்தான். காலையில் வந்ததும் திறப்பார், சாயங்காலம் கிளம்பும்போது மூடுவார், நடுவில் உட்கார்ந்து, தாக்கல் ஆன பார்ட்டிகளுக்கு வெளிர் பச்சையா கரும் பச்சையா என்று யோசித்துக்கொண்டிருப்பார். அதில் எங்கே வருகிறது ஐயா சேவை? பத்துப் பேர் வேலையை நிறுத்திவைத்துக்கொண்டு ஒருவர் ஒழுங்கு செய்வதற்குப் பெயர் ஒழுங்கா? தேடுகிற ஃபைல் கிடைக்காத இண்டெக்ஸ் யாருக்கு வேண்டும்?

சொல்லிவிட்டேன். இருந்தாலும் அந்த இண்டெக்ஸில் 'குறிப்பு' என்று கடைசியாக ஒரு நெடுவரிசை உண்டு. ஆபீஸில் படிக்கத் தகுந்தது அது ஒன்றுதான்.

"மொத்தம் தப்பு. பார்ட்டி ஒத்துக்கொண்டார்."

"மூன்றாவது ஷீட்டைத் திறக்க வேண்டாம்."

"ஏன் இருக்கிறது என்று தெரியவில்லை. அழிக்காதீர்கள்."

"நான் லீவில் இருந்தபோது செய்தது."

"கடைக்காரர் காலமாகிவிட்டார். மகளிடம் மெதுவாகப் பேசவும். கணக்கு அவருக்குப் புதிது."

இந்தக் கடைசிக் குறிப்பைப் படித்த அன்று அவரைத் திட்ட மனசு வரவில்லை. மறுநாள் வந்தது.

போன வருஷம் ஆடிட்டரே பொறுமை இழந்து அந்தப் பையனிடம் சொல்ல, அவன் எக்ஸெலின் பவர் கொயரியில் மொத்த டிரைவையும் காட்டிவிட்டான். ஃபைல் பெயர், கடைசியாகத் திருத்திய தேதி, இருக்கிற ஃபோல்டர், எல்லாம் காப்பி ஆறுவதற்குள் வந்து விழுந்தன. இனி ரெஃப்ரெஷ் கொடுத்தால் போதும். அண்ணன் ஓய்ந்துபோவார் என்று எதிர்பார்த்தோம். அவர் அதைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டார். பென்சிலைச் சீவி, தன் இண்டெக்ஸோடு வரிவரியாக டிக் அடிக்கத் தொடங்கினார்.

அதில்தான் பேய்கள் அகப்பட்டன. ஒருவர் ஒரு ஃபைலைத் திறந்திருக்கும்போது, எக்ஸெல் அதன் பக்கத்திலேயே ஒரு அலைக்கோடும் டாலர் குறியும் முன்னால் ஒட்டிய குட்டி ஃபைலை மறைவாகப் போட்டுவைக்கும், மூடியதும் அழித்துவிடும். அன்றைக்கு யார் யார் என்னென்ன திறந்திருந்தார்களோ அத்தனை குட்டிகளும் பிரிண்டில் வந்திருந்தன. அண்ணன் எல்லாவற்றுக்கும் சீரியல் நம்பர் கொடுத்துப் பதிவு செய்தார். மறுநாள் ஒன்றையும் காணோம். "டாலர் ஃபைலை யாருப்பா அழிச்சது?" என்று வாரம் முழுக்க விசாரணை. பையன் விளக்கினான். "தானா எப்படிப்பா போகும்?" என்றார்.

அது முடிந்ததும் பிரிண்டில் மிச்சமிருந்தவை 'புக்1', 'புக்2', 'புக்3' என்று பெயரே வைக்காமல் சேமித்த ஃபைல்கள். ஃபோல்டரைப் பார்த்தால் எல்லாம் ஆடிட்டருடையவை. குறிப்பேட்டோடு நேராக அவர் அறைக்குள் போனார்.

"அதெல்லாம் சும்மா கூட்டிக் கழிச்சுப் பாத்தது. அழிச்சிருங்க" என்றார் ஆடிட்டர்.

"அழிச்சிரலாம் சார். அழிக்கணும்னா முதல்ல இண்டெக்ஸ்ல ஏத்தணும்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார் அண்ணன். "புக் ஒண்ணு. எந்தப் பார்ட்டி சார்?"