மீறினால் தண்டிக்கும் அதிகாரி அவர்களுக்கு

அனுப்புநர்:
தொடர் விடுமுறைப் பயணி, குடும்பத்துடன்,
வாடகைக் கார் (கறுப்பு நம்பர் பிளேட், மஞ்சள் எழுத்து),
முகாம்: ஒரு லாட்ஜின் மொட்டை மாடி.

பெறுநர்:
மீறினால் தண்டிக்கும் அதிகாரி அவர்கள்,
தனுஷ்கோடிச் சாலை, இராமேஸ்வரம் தீவு.

பொருள்: தீவில் கூடாரம் அடித்து இரவு தங்க அனுமதி கோருதல் – கடல், காற்று, மணல் ஆகியோர் மீது நடவடிக்கை கோருதல் – தொடர்பாக.

பார்வை: தங்கள் அறிவிப்புப் பலகை, நாள் இல்லை, பாதி மணலுக்குள்.

ஐயா,

வணக்கம். தங்கள் பெயரும் பதவியும் எனக்குத் தெரியாது. 'இரவில் தங்கக் கூடாது, மீறினால் தண்டிக்கப்படுவீர்கள்' என்பது வரைக்கும் பலகையில் தெரிந்தது. யார் தண்டிப்பார் என்று எழுதியிருக்க வேண்டிய இடத்தை மணல் மூடிவிட்டது. என் மகன் கையால் கொஞ்சம் தோண்டிப் பார்த்தான். காற்று திரும்ப மூடியது. ஆகவே வேலையின் பெயரையே பதவியாக்கி எழுதியிருக்கிறேன். பொறுத்தருள்க.

2025-ல் சுதந்திர தினம் வெள்ளிக்கிழமை வந்தது தாங்கள் அறிந்ததே. சனி கிருஷ்ண ஜெயந்தி, அடுத்து ஞாயிறு. காலண்டரில் மூன்று சிவப்பு வரிசையாக நிற்பதை ஜனவரியிலேயே கண்டுபிடித்தது நான்தான் என்ற பெருமையில் இருந்தேன். பாம்பனை நெருங்கியபோதுதான் தமிழ்நாட்டில் எல்லார் வீட்டிலும் காலண்டர் இருப்பது தெரிந்தது. மதுரையிலிருந்து நாங்கள் கொண்டுவந்தவை: கூடாரம் இரண்டு, மடக்கு நாற்காலி நான்கு, காஸ் அடுப்பு, மசாலா தடவிய கோழி, கூடாரம் அடிப்பது பற்றி நாற்பது வீடியோ பார்த்த என் மச்சினன்.

முதல் குறை, பாலம். வண்டி நிறுத்தக் கூடாது என்கிறீர்கள். கடலுக்கு மேல் இரண்டு கிலோமீட்டருக்கும் அதிகமான நீளத்தில் சாலைப் பாலத்தைக் கட்டி 1988-ல் திறந்தீர்கள். பக்கத்திலேயே 1914-ன் பழைய ரயில் பாலம். போதாததற்கு, நடுத்துண்டு லிஃப்ட் மாதிரி அப்படியே மேலே ஏறும் புதுப் பாலத்தை 2025 ஏப்ரலில் திறந்தீர்கள். இத்தனையையும் கண்ணுக்கு முன்னால் வைத்துவிட்டு நிறுத்தாதே என்றால் எப்படி? நிறுத்தினோம். இரண்டே நிமிஷம். எங்களுக்கு முன்னால் நிறுத்தியவர்களும் இரண்டே நிமிஷம்தான். அந்த இரண்டிரண்டு நிமிஷங்கள் சேர்ந்து எல்லாரையும் ஒரு மணி நேரம் பாலத்தில் நிற்கவைத்தன. எதிர்ப்பக்கம் நின்ற மீன் வண்டியிலிருந்து ஐஸ் உருகி ஒழுகிக்கொண்டே இருந்தது. அதன் டிரைவர் எங்களைப் பார்த்துச் சொன்னதை மனுவில் எழுத இயலாது.

இரண்டாவது, தீவின் வடிவம். தீவைச் சுற்றி வருவதுதான் எங்கள் திட்டம். வந்து பார்த்தால் தீவு கிழக்கே போகப்போக ஒல்லியாகி, கடைசியில் இரண்டு கடலுக்கு நடுவில் ஒரு சாலையும் கொஞ்சம் மணலும் மட்டும் மிஞ்சுகிறது. அரிச்சல்முனையில் சாலையும் முடிந்துவிடுகிறது. நடுவில் சிங்கத் தலைத் தூண் நிற்கிறது. அதைச் சுற்றிக்கொண்டு வந்த வழியே திரும்ப வேண்டியதுதான். எங்களால் சுற்ற முடிந்தது அந்தத் தூண் ஒன்றைத்தான். மூன்று முறை சுற்றினோம். அங்கே என் செல்போன் அண்டை நாட்டுக்கு நல்வரவு சொல்லிவிட்டு, இந்திய சிக்னலைக் கைவிட்டது. அந்த நாடாவது தங்கவிடுமா என்று மகள் கேட்டாள்.

மூன்றாவதுதான் முக்கியம். 1964 டிசம்பர் 22 இரவு வந்த புயலில் பாம்பனிலிருந்து புறப்பட்ட ரயில், பயணிகளோடு கடலுக்குள் போனது. தனுஷ்கோடி ஊரும் போனது. பிறகு அரசு இதை மனிதர் வாழத் தகுதியற்ற இடம் என்று அறிவித்தது. ஐயா, அந்த ஒரு வாக்கியத்தைப் படித்துத்தான் நாங்கள் இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தோம். வாழத் தகுதியுள்ள இடத்தில்தான் வருஷம் முழுக்கக் குடியிருக்கிறோமே! 2017-ல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை வந்த பிறகு, தகுதியற்ற இடத்துக்கு ஏசி போட்டுக்கொண்டே வந்துவிட முடிகிறது. முன்னெல்லாம் வேனில் ஏறி, மணலிலும் தண்ணீரிலும் குலுங்கி வருவார்களாம். இடிந்த தேவாலயத்தின் வாசலில் புதுமணத் தம்பதி ஒன்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தது. சுவரிலே பவளப்பாறைக் கற்கள் பல்லைப்போலத் தெரிந்தன. 'கொஞ்சம் சோகமா பாருங்க' என்றார் போட்டோகிராபர்.

கூடாரத்துக்கு வருகிறேன். தெற்கே மன்னார் வளைகுடா. அதை ஆண் கடல் என்கிறார்கள். ஆகஸ்டில் அது கத்திக்கொண்டிருந்தது. வடக்கே பெண் கடல், குளம்போல. இதை வைத்து மச்சினன் ஒரு ஜோக் சொன்னான். அவன் அக்கா சிரிக்கவில்லை. மணலில் ஆணி அடித்தோம். அடித்த கையை எடுப்பதற்குள் ஆணி வெளியே வந்தது. கூடாரம் பலூனாக உப்பி, பிள்ளைகள் இருவரையும் இழுத்துக்கொண்டு பெண் கடல் பக்கம் நகர்ந்தது. வலைக் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்தார்.

"தம்பி, இது கச்சான் காத்து. ஆணிக்கெல்லாம் அடங்காது."

காலிச் சாக்கு ஒன்றில் மணலை அள்ளினார். வாயைக் கட்டி, கூடாரக் கயிற்றை அதில் முடிந்து, முழங்கை ஆழத்துக்குக் குழி பறித்துப் புதைத்து, மேலே ஏறி நின்று மிதித்தார். நாலு மூலைக்கு நாலு சாக்கு. கூடாரம் நின்றது. நாற்பது வீடியோவில் ஒன்றிலும் இது இல்லை என்று மச்சினன் குறைப்பட்டுக்கொண்டான்.

குடிக்கத் தண்ணீர் தீர்ந்துபோயிருந்தது. பொரித்த மீன் விற்ற ஆத்தாவிடம் கேட்டேன். குடிசைக்குப் பின்னால், கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில், மணலில் ஒரு பள்ளம். ஆத்தா குனிந்து கையால் இன்னும் கொஞ்சம் வாரினார். அடியில் ஈரம் கறுத்து, மெல்ல ஊறி, ஒரு சிரட்டை அளவுக்கு நின்றது. உப்பில்லை ஐயா! இரு பக்கமும் கடல் இருக்க, நடுவில் நல்ல தண்ணீர். ஒரு குடம் நிறைய எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டேன். "ஊறுற நேரந்தான்" என்றார். எங்கள் கூடாரத்தைப் பார்த்துவிட்டு, "ரெண்டு நாளு இருக்கிறதுக்கு வீட்டைத் தூக்கிக்கிட்டா வந்தீக?" என்றும் கேட்டார். நாங்கள் கேம்பிங் என்கிறோம். ஆத்தா ஐம்பது வருஷமாக அதைத்தான் செய்கிறார், திரும்பிப் போக வாடகைக் கார் இல்லாமல். இந்த வாக்கியம் மனுவுக்குத் தேவையில்லை. அடித்துவிடவும்.

ஐந்து மணிக்கு விசில் வந்தது. எல்லாரும் கிளம்புங்கள் என்றார்கள். நான் சட்டம் பேசினேன். 2025 ஜூனில் இதே தனுஷ்கோடியில் பெரும் பூநாரைகளுக்கென்று சரணாலயம் அறிவித்திருக்கிறார்கள். பனிக்காலத்தில் வந்து, நீர்தேங்கிய பரப்பில் ஒற்றைக் காலில் நின்று இரவு தங்கும் அந்தப் பறவைகளிடம் யாராவது பலகையைக் காட்டுகிறார்களா என்று கேட்டேன். "அதுங்க பாட்டிலைப் போட்டுட்டுப் போறதில்ல சார்" என்றார் விசில்காரர். என் காலடியில் கிடந்த பாட்டில் எங்களுடையது அல்ல என்பதைத் தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டுவருகிறேன். எங்களுடையது காருக்குப் பின்னால் கிடந்தது.

சாக்குகளைத் தோண்டி எடுக்க அரை மணி நேரம் ஆனது. ஊருக்குள் வந்தால் அறை இல்லை, எங்கும் இல்லை. கடைசியில் ஒரு லாட்ஜில், கூடாரம் இருக்கிறதே, மாடியில் அடித்துக்கொள்ளுங்கள் என்றார்கள். தளத்தில் ஆணி அடிக்க முடியாது. தண்ணீர்த் தொட்டிக் குழாயில் கட்டினோம். மாடி வாடகை ஆயிரத்து ஐந்நூறு, கடல் தெரிகிறதாம். கோழி வெயிலில் கெட்டுப்போயிருந்ததால் இட்லி வாங்கிச் சாப்பிட்டோம்.

விடியும் முன்பே கண் விழித்தேன். முகத்தில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். கடல் உள்ளே வந்துவிட்டது என்று மச்சினன் அலறினான். கோயிலில் இருபத்திரண்டு தீர்த்தமும் ஆடிவிட்டு வந்த ஒரு கூட்டம், எங்கள் கூடாரக் கயிறுகளில் ஈர வேட்டியும் புடவையுமாகக் காயப்போட்டுக்கொண்டிருந்தது. வெளியே தலையை நீட்டிய என்னைப் பார்த்து ஒரு அம்மா, "கொடி உங்களுதா தம்பி? இன்னொன்னு கட்ட இடமிருக்கா?" என்றார்.

ஆகவே, அடுத்த தொடர் விடுமுறைக்குள் கச்சானை ஆறு மணிக்கு மேல் நிறுத்திவைக்கவும், தீவை வட்டமாக்கவும், எங்களைத் தவிர மற்றவர்களைப் பாலத்தில் நிறுத்தவிடாமல் தடுக்கவும், பலகையைத் தோண்டித் தங்கள் பதவியைத் தெரிவிக்கவும் ஆவன செய்யுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தொடர் விடுமுறைப் பயணி.

இணைப்பு: வளைந்த கூடார ஆணி ஏழு (எட்டாவது தங்கள் மணலில் உள்ளது). மணல் சாக்கு நான்கு, பெரியவரிடம் திருப்பித் தர. பச்சைக் கரை வைத்த நூல் புடவை ஒன்று, இன்னும் ஈரம், உரியவரிடம் சேர்க்கவும்.