தடிக்கு லைசென்ஸ் வேண்டாம்

2023 ஆகஸ்டில் அலிபிரி நடைபாதையில் சிறுத்தை ஒரு சிறுமியைக் கொன்ற பின், திருமலை தேவஸ்தானம் நடந்து ஏறும் பக்தர்களுக்குத் தடி கொடுத்தது. சட்டத்துக்கு இதைவிட அடங்கிய ஆயுதம் கிடையாது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தில் சிறுத்தை முதல் அட்டவணையில் பத்திரமாக இருக்கிறது. வேட்டை கூடாது. சரணாலயத்துக்குப் பத்துக் கிலோமீட்டருக்குள் புதிதாகத் துப்பாக்கி உரிமம் கேட்டால் தலைமை வன உயிரினக் காப்பாளர் சம்மதிக்க வேண்டும். தடிக்கு உரிமமும் இல்லை, தோட்டாவும் இல்லை. தடிக்குச் சிறுத்தை பயப்படுமா என்று கேட்பார்கள். பயம் தெளிய வேண்டியது பக்தருக்குத்தானே! தற்காப்புக்காக நல்லெண்ணத்தோடு அடித்தால் குற்றமில்லை என்கிறது அதே வனவிலங்குச் சட்டத்தின் 11ஆம் பிரிவு; அந்த நல்லெண்ணத்தைச் சிறுத்தைக்கு விளக்கக் கோவிந்த நாமம் இருக்கிறது. ஒரே நிபந்தனை, வழியிலுள்ள நரசிம்மர் சன்னதியில் தடியைத் திருப்பித் தந்துவிட வேண்டியிருந்தது. அதற்குமேல் அவர் பொறுப்பு. பாதி சிங்கமான அவர் எந்த அட்டவணையில் வருவார் என்பதை வனத்துறைதான் சொல்ல வேண்டும்.