காய்ச்சல் என்று எழுதியவள்

எந்தக் கல்லூரி என்று கேட்காதீர்கள். உங்கள் ஊர்க் கல்லூரி என்றே வைத்துக்கொள்ளுங்கள். செமினார் ஹாலில் 'உள்ளடக்கிய கல்வி' பற்றித் தேசியக் கருத்தரங்கு. வாசலில் பிளெக்ஸ், உள்ளே பொன்னாடை, முந்திரி பக்கோடா. எல்லாரையும் அரவணைப்பது எப்படி என்று மூன்று அமர்வுகளிலும் ஆங்கிலத்தில் பொழிகிறார்கள். அரவணைக்கப்படப் போகிறவர்களுக்கு விஷயம் புரிந்துவிடக் கூடாதே என்ற அந்த முன்ஜாக்கிரதையைப் பாராட்டத்தான் வேண்டும்.

அதே நேரம் ஆபீஸ் ஜன்னலில் ஒரு மாணவி. பிளஸ் டூ வரை தமிழ் மீடியம். இரண்டாம் ஆண்டில் கல்யாணம், மூன்றாம் ஆண்டில் பிரசவம். விடுப்புக் கடிதத்தைத் தமிழில் எழுதி நீட்டினாள். "இங்கிலீஷ்ல எழுதிட்டு வாம்மா." 1956-லேயே ஆட்சிமொழியான தமிழுக்கு அந்த ஜன்னலில் இன்னும் அனுமதி கிடைக்கவில்லை. பள்ளிக்கூடம் அவளுக்குச் சொல்லிக்கொடுத்த ஆங்கில லீவ் லெட்டர் ஒன்றே ஒன்றுதான்: 'ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்.' அதையே எழுதினாள். உடனே சீல் விழுந்தது. பிள்ளை பெற்றவளுக்கு மூன்று நாள் காய்ச்சல் லீவு!

மற்ற நாளெல்லாம் ஆப்சென்ட். 75 சதவீத வருகை இல்லையென்றால் ஹால் டிக்கெட் இல்லை. கொஞ்சம் குறைந்தால் கண்டோனேஷன் ஃபீஸ் கட்டு, ரொம்பக் குறைந்தால் அடுத்த வருஷம் வா. பிரசவத்துக்கு அபராதம் வசூலிப்பதற்குப் பெயர் ஒழுங்கு.

விதியே இல்லையா? ஏன் இல்லை! அரசுப் பணியில் பாடம் நடத்தும் அம்மாவுக்குத் தமிழ்நாட்டில் 2021 முதல் 12 மாத மகப்பேறு விடுப்பு. மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் அம்மாவுக்குத்தான் கருப்பை கிடையாது. முனைவர் பட்ட ஆய்வு மாணவியருக்குப் பல்கலைக்கழக மானியக் குழு 2016-இலேயே 240 நாள் தந்தது. மற்ற மாணவியருக்கும் விதி வகுத்துக்கொள்ளுங்கள் என்று 2021 டிசம்பரில் துணைவேந்தர்களுக்குக் கடிதமும் போட்டது. கேரளத்தில் மகாத்மா காந்தி பல்கலைக்கழகம் 2022-இல் 60 நாள் என்று முடிவெடுத்தது. இங்கே அந்தக் கடிதம் எந்த ஃபைலில் தூங்குகிறதோ! ஒருவேளை அது ஆங்கிலத்தில் இருந்ததால் நம் ஆட்களுக்கே புரியவில்லையோ என்னவோ.

குழந்தைகள் காப்பகம்? அதுவும் உண்டு. கல்லூரிக்குத் தர மதிப்பீடு தரும் நாக் கமிட்டியின் கேள்விப் பட்டியலில் அது வருகிறது அல்லவா? கமிட்டி வரும் அன்று ஸ்டோர் ரூமுக்கு வெள்ளையடித்து, பியூன் வீட்டுத் தொட்டிலைக் கட்டி, ஒரு பொம்மையைப் படுக்கவைத்துப் போட்டோ எடுப்பார்கள். மறுநாள் பூட்டு. பொம்மை உள்ளே, பிள்ளை வெளியே, புளியமரத்தடியில் பாட்டி மடியில். இன்டர்னல் டெஸ்ட் நடுவே பால் கட்டி, ஜாக்கெட் நனைந்து, அவமானத்தில் கூனி உட்கார்ந்திருக்கிறாள் அதன் அம்மா.

கனவான்களே, அடுத்த கருத்தரங்கை ரத்து செய்யுங்கள். அந்தத் தமிழ்க் கடிதத்தைக் கையில் வாங்குங்கள். அந்த 60 நாளை விதியாக எழுதுங்கள். அந்த அறையின் பூட்டைத் திறங்கள். பொம்மை எழுந்து வழிவிடும்.