குற்றாலத்து விடுதிகளில் ‘எங்கேஜ்’: ஒரு கருதுகோள்

ஆனி பிறந்து சாரல் விழத் தொடங்கினால், ஐந்தருவியில் தண்ணீர் எப்படி என்பதுதான் தென்காசி வட்டாரத்தின் தலையாய விவாதப் பொருள். அதைக் கேட்கவும் அப்படியே ஓர் அறை பிடிக்கவும் 04633 என்று தொடங்கும் விடுதி எண்ணை அழைப்பவருக்குச் சில நேரம் நாள் முழுக்க ‘எங்கேஜ்’ ஒலியே கிடைக்கிறது. இந்த ஒலியைப் புலமையுலகம் போதிய அளவு பொருட்படுத்தவில்லை. அக்குறையைப் போக்குவதே இவ்வாய்வின் நோக்கம்.

சீசன் கூட்டம்தான் காரணம் என்பது பழைய கொள்கை. இரவு இரண்டு மணிக்கும் எங்கேஜ் கேட்பதை அது விளக்காது.

எங்கேஜ் மீதான ஐயத்துக்கு நீண்ட மரபு உண்டு. அமெரிக்காவில் சவ அடக்கத் தொழில் செய்த அல்மன் ஸ்ட்ரௌஜர், தனக்கு வரும் அழைப்புகளை ஆப்பரேட்டர் போட்டிக்காரருக்குத் திருப்பிவிடுவதாகச் சந்தேகித்தார் என்று சொல்வார்கள். 1891இல் அவர் தானியங்கி இணைப்பகத்துக்குக் காப்புரிமை பெற்றார். ஆப்பரேட்டர் போனார், எங்கேஜ் போகவில்லை.

இனி விடுதியின் வரவேற்பு மேசைக்குப் பின்னால், சாவிப் பலகைக்குக் கீழே தொங்கும் இ.பி.ஏ.பி.எக்ஸ். எனும் உள் தொலைபேசி இணைப்பகப் பெட்டியைத் திறப்போம். அதிலுள்ள அனலாக் போர்ட்கள் இரு சாதி. எஃப்எக்ஸ்எஸ் 48 வோல்ட் மின்சாரமும் மணியும் கொடுக்கும். அறைத் தொலைபேசி அதில் சேரும். எஃப்எக்ஸ்ஓ அவற்றை வாங்கிக்கொள்ளும். வெளி லைன் அதில் சேரும். இந்தக் கொள்வினை கொடுப்பினை மாறினால் சம்பந்தம் முறியும், சமயத்தில் போர்ட்டும் கருகும். ஃபைபர் வந்த பிறகும் பல இடங்களில் கதை மாறவில்லை. சுவரிலுள்ள மோடத்தின் தொலைபேசித் துளையிலிருந்து பெட்டிக்குப் போவது அதே இரண்டு கம்பி அனலாக் லைன்தான்.

அறையிலிருந்து வெளி லைன் பிடிக்க 9 அழுத்து என்போரும் 0 அழுத்து என்போரும் தனித்தனி மதத்தார். திருமால் கோயிலை அகத்தியர் சிவன் கோயிலாக்கினார் என்று தலபுராணம் பேசும் ஊரில் இந்த மதமாற்றம் பெரிய காரியமல்ல. புரோகிராம் தெரிந்தவர் ஒருவர் போதும்.

மையக் கருதுகோளுக்கு வருவோம். சங்கரன்கோவிலிலிருந்து ஒருவர் அழைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தானியங்கிக் குரல் வணக்கம் சொல்கிறது, மேசையில் ஆளில்லை, அவர் அலுத்துப்போய் வைத்துவிடுகிறார். அவர் வைத்ததைப் பெட்டி அறிய இரண்டு வழி. ஒன்று, இணைப்பகம் லைனின் மின்முனையை மாற்றியோ மின்சாரத்தைக் கணநேரம் நிறுத்தியோ சைகை காட்ட வேண்டும். அது இல்லையென்றால், லைனில் வரும் எங்கேஜ் ஒலியைப் பெட்டியே கேட்டுப் புரிந்துகொள்ள வேண்டும். இந்திய எங்கேஜ் 400 ஹெர்ட்ஸ்: முக்கால் விநாடி ஒலி, முக்கால் விநாடி அமைதி. அமெரிக்க எங்கேஜ் 480, 620 என்ற இரண்டு அதிர்வெண்களின் கலவை, அரை அரை விநாடி. நாடு அமெரிக்கா என்று செட்டிங்கில் கிடக்கும் பெட்டிக்கு நம் எங்கேஜ் எங்கேஜாகவே தோன்றாது. யாரோ பேசுகிறார் என்று மரியாதையாகக் கேட்டுக்கொண்டே இருக்கும். நான்கு லைன் உள்ள விடுதியில் இப்படி நான்கு அழைப்பு வந்தால், நான்கும் முடங்கிவிடும். பிறகு ரூம் பாய் வந்து ஸ்விட்சை அணைத்துப் போடுவார். எல்லாம் சரியாகும், அடுத்த நான்கு அழைப்பு வரை.

சாரல் ஈரமே காரணம் என்று வாதிடும் உள்ளூர் அறிஞர்களுக்கு ஒரு பதில். ஈரம் பட்டுச் செம்புக் கம்பி இணைப்பில் களிம்பேறினால் கரகரப்பு வரும், லைன் செத்தும் போகும். பெட்டியை அணைத்துப் போட்டதும் அந்தக் களிம்பு மறைந்துவிடாது.

சீசனுக்கு முன் சுவருக்கு வெள்ளையடிக்கும் விடுதி உரிமையாளர்கள் அன்றே ஒரு சோதனையும் செய்யலாம். கைபேசியிலிருந்து விடுதி எண்ணை அழைத்து, குரல் வணக்கம் சொன்னதும் துண்டியுங்கள். அரை நிமிடத்தில் அந்த லைன் விடுபடவில்லையென்றால், செட்டிங்கில் நாட்டை இந்தியா என்று மாற்றித் தரும்படி மெக்கானிக்கிடம் கேளுங்கள்.