மருமோனும் சுத்தியலும்

மருமோன், உந்தச் சுத்தியலை ஒருக்காக் கீழ வையும். இறங்குதுறையில வலை பொத்துற சனமும் எழும்பிப் பாக்குது.

பெயறிங் பிடிவாதம் பிடிக்குது எண்டு சொல்லுறீர். இரும்புக்கு ஏது மருமோன் பிடிவாதம்? அது கொப்பற்ற பரம்பரைச் சொத்தெல்லோ, உமக்கு உறுதி எழுதாமலே வந்து சேர்ந்திருக்கு. இந்த ஊரில யோகர் சுவாமி 1964 வரைக்கும் கொட்டிலில இருந்துகொண்டு, வந்த அப்புக்காத்துமாருக்கும் உத்தியோகத்தருக்கும் “சும்மா இரு” எண்டு சொன்னவர். நீர் ஸ்பிளெண்டர் மோட்டச்சைக்கிள் கழட்ட வெளிக்கிடுவீர் எண்டு அப்பவே தெரிஞ்சுதான் சொன்னாரோ என்னவோ.

முதலில மற்றச் சில்லின்ர அச்சை எடுப்பம். கடற்கரைக் காத்தில உப்பு இருக்கு. அலுமினியத்துக்குள்ள இரும்பு, நடுவில உப்புத்தண்ணி எண்டால், அலுமினியம் அரிச்சு வெள்ளை மாவாப் பூத்து இறுகிப்போகும். அதுக்கு உம்மட புஜபலம் காணாது. மண்ணெண்ணெயும் ஒயிலும் கலந்து விட்டிட்டுப் போய்ப் படும். ராவு முழுக்க அது தன்பாட்டில ஊறட்டும். விடியக் கழட்ட முந்தி, நட்டை ஒரு மயிரிழை இறுக்கிப் பாத்திட்டுப் பிறகு இளக்கும். அச்சைத் தட்டத்தான் வேணுமெண்டால், நுனியில நட்டைத் திருப்பிப் பூட்டி, பூவரசங் கட்டையை வைச்சுத் தட்டும். வெறும் நுனியில அடிச்சால் புரி காளான்போல விரிஞ்சு நிக்கும். பிறகு அச்சும் வராது, நட்டும் ஏறாது. நீரும் சில்லும் கட்டின மனுசன் மனுசி மாதிரி அந்த முத்தத்திலேயே இருக்க வேண்டியதுதான்.

நாங்களும் ஒரு காலத்தில ராசாக்கள்தான். 1990 ஆனியில சண்டை திரும்பத் தொடங்கின கையோட பெற்றோல் இல்லை, பற்றரி இல்லை, கறண்டும் இல்லை. எம்.டி. 90 மோட்டச்சைக்கிளை மண்ணெண்ணெயில ஓட்டினம். குளிர்ந்த எஞ்சினில மண்ணெண்ணெய் ஆவியாகாது. அதாலை பெற்றோலைத் துளித்துளியாக் காபரேற்றருக்கு விட்டு உதைச்சு, சூடேறின பிறகு மண்ணெண்ணெய்க்கு மாத்திறது. பெற்றோல் போத்தல் வீட்டில சாமிப்படத்துக்குப் பக்கத்தில இருந்தது. கரி பிடிச்சுப் பிளக் செத்துப்போகும், ஹெட்டைக் கழட்டிச் சுரண்ட வேணும், திரும்பப் பூட்ட வேணும். அவசரப்பட்டு ஒரு போல்ற்றை முறிச்சால் அடுத்தது கிளாலிக் கடலால வள்ளத்தில வரவேணும். சனமே உயிரைக் கையில பிடிச்சுக்கொண்டு கடந்த கடல் அது. உம்மட போல்ற்றுக்கு ஆர் சீற்றுத் தருவினம்? அப்ப நாங்கள் ஆணியோடையும் மரியாதையாத்தான் கதைச்சம். இப்ப எல்லாம் கடையில தொங்குது, அதாலைதான் உம்மட கைக்கு இவ்வளவு வீரம்.

அந்த மரியாதையைப் பிளக்குக்கும் காட்டும், ஸ்பனரோட கொண்டுபோய்க் குத்தாதேயும். விரலால வைச்சு, முதலில பின்பக்கமாச் சுத்தும். ‘டிக்’ எண்டு புரி விழுகிற சத்தம் கேக்கும். அதுக்குப் பிறகு முன்னுக்கு. விரலால ரெண்டு மூண்டு சுத்து ஏறாததை ஸ்பனரால ஏத்தினால், அது புதுசாத் தனக்கொரு புரி வெட்டிக்கொண்டு போகும். பத்தாம் நம்பர் ஸ்பனர் போடுற சின்னப் போல்ற்றுகளுக்கு, பத்துச் சென்ரிமீற்றர் பிடியில பத்துக் கிலோ பாரம் போதும். நீர் அதில ஏறி நிண்டதை நான் வேலிக்கு மேலால கண்டனான்.

இனிப் பெயறிங். 6301 எண்டு அதில குத்திக் கிடக்கு: உள் ஓட்டை 12 மில்லிமீற்றர், வெளி விட்டம் 37. சூட்டுக்கு இரும்பு விரியிறதைப்போல ஏறக்குறைய ரெண்டு மடங்கு அலுமினியம் விரியும். சாக்கைக் கொதிதண்ணியில தோச்சு ஹப்பைச் சுத்திக் கட்டினீரெண்டால் அந்தக் குழி ஒரு மில்லிமீற்றரில இருபதில ஒரு பங்கு அகலும். பெயறிங்கைப் பிறிட்ஜில ஐஸ் தட்டுக்குப் பக்கத்தில வைச்சால் அது இன்னும் கொஞ்சம் சுருங்கும். ரெண்டையும் கூட்டினால் ஒரு தலைமயிர் மொத்தம். உந்த மயிருக்குத்தான் மருமோன் நீர் காலமை தொடக்கம் மல்லுக்கட்டுறீர்.

வைக்கேக்க வெளி வளையத்தில மட்டும் தட்டும். பழைய பெயறிங்கை மேல வைச்சுத் தட்டினால் வலு திறம். உள் வளையத்தில அடி விழுந்தால் குண்டுகள் ஓடுற பாதையில பள்ளம் விழும். பிறகு அரியாலை தாண்ட முந்தியே சில்லு உறுமத் தொடங்கும். பெயறிங் குழியின்ர அடியில போய் இருந்தவுடன சத்தம் மாறும், பொத்துப் பொத்தெண்டது கணீரெண்டு கேக்கும். அதோட நிப்பாட்ட வேணும். நீர் நிப்பாட்டுவீரோ எண்டதுதான் எனக்குச் சந்தேகம். மற்றப் பக்கப் பெயறிங்கை வைக்க முந்தி நடுக் குழாயை உள்ளுக்கு விடும். அந்தா, கோழி கிளறிக்கொண்டு நிக்குதே, அதுதான் நடுக் குழாய்.

பெயறிங்கைப் பிறிட்ஜில வைக்கேக்க சொப்பிங் பையில இறுக்கிச் சுத்தி வையும், ஈரம் பட்டால் துருப்பிடிக்கும். மீன் பொதிக்குள்ள வைச்சிடாதேயும். கொம்மா திறந்து பாத்துக் கத்தினால், கொப்பர்தான் சொன்னவர் எண்டு சொல்லும்.